உரைகல்லை எதில் உரைப்பது?

உடலைப் பற்றி எழுதாத சிறுபத்திரிகை தமிழில் கடந்த முப்பது ஆண்டுகளில் வந்ததாகத் தெரியவில்லை. உடலரசியல், தண்டிக்கப்படும் உடல், கொண்டாட்ட உடல், உடல் என்னும் பிரதி என்று பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது; நானும் என் பங்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த உடலைத் தூக்கித் தராசில் வைத்தால் என்ன எடை நிற்கும், அதில் கொழுப்பு எவ்வளவு, ‘இவ்வளவு’ என்று சொல்கிறவர் அதை எதை வைத்துச் சொல்கிறார் என்ற கேள்விகளுக்குள் நம்மில் யாரும் இறங்கவில்லை. ‘அளவீடு என்பதே அதிகாரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். அதிகாரம்தான், சரி. எந்த இடத்தில்? எந்தச் சமன்பாட்டின் எந்த எண்ணில் அது உட்கார்ந்திருக்கிறது? இதைச் சொல்லாத விமர்சனம் ஆய்வுக்கூடத்துக்குள் இருப்பவரை ஒன்றும் செய்யாது. அவர் சிரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்வார்.

இருபதை ஒட்டிய வயதுக்காரர்களிடம் உடற்கொழுப்பை அளக்கும் முறைகளை ஒப்பிடும் ஆய்வுக்கட்டுரைகளை ஒரு தனி இலக்கிய வகையாகவே வாசிக்கலாம். அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ஒரு பல்கலைக்கழகம், அங்கேயே கிடைக்கும் மாணவ மாணவியர் ஐம்பது பேர், நூறு பேர். ஒரே காலையில் ஒவ்வொருவரையும் மூன்று நான்கு முறைகளில் அளப்பார்கள். தோலைக் கிள்ளி ஒன்று, மின்சாரம் விட்டு ஒன்று, தண்ணீருக்குள் முக்கி ஒன்று, எக்ஸ்-கதிரின் கீழ் படுக்கவைத்து ஒன்று. அவற்றில் ஏதேனும் ஒன்றை உரைகல் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதில் உரைப்பார்கள். முடிவில் ‘முறை அ, முறை ஆ-வுடன் நன்கு பொருந்துகிறது, ஆயினும் எச்சரிக்கை தேவை’ என்று ஒரு வாக்கியம் வரும். ஏன் இளைஞர்கள்? அவர்கள் ஆரோக்கியமானவர்கள், மாறுபடும் நோய்க்கூறுகள் குறைவு என்று காரணம் சொல்லப்படும். பேராசிரியர் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் என்பதும் ஒரு காரணம். அதைக் கட்டுரையில் எழுதமாட்டார்கள்.

தமிழில் கொழுப்பு என்ற சொல்லே நிரபராதியான சொல் அல்ல. ‘அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி’ என்றால் யாரும் மருத்துவரிடம் கூட்டிப்போவதில்லை. வாய்க்கொழுப்பு, பணக்கொழுப்பு, கொழுப்பெடுத்துத் திரிகிறது என்று அது முதலில் ஒழுக்கத்தின் சொல், பிறகுதான் உடலின் சொல். ஆனால் வேறொரு பக்கமும் இருக்கிறது. ஊளைச்சதை என்றும் கட்டுமஸ்து என்றும் பேச்சுவழக்கு பிரித்துச் சொல்கிறது. ஒரே எடை, இரண்டு உடம்பு என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. இளைத்தவனுக்கு எள்ளையும் கொழுத்தவனுக்குக் கொள்ளையும் கொடுத்தது கண்ணளவில்தான். எடையும் கொழுப்பும் ஒன்றல்ல என்ற இந்தச் சாதாரண அறிவை நவீன மருத்துவம் ஒரு கண்டுபிடிப்பாக எழுதியது 1942-இல்.

அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்க்கே முக்குளிப்போரின் மருத்துவர். ஆழத்தில் இருந்து மேலே வருகிறவன் உடம்பில் நைட்ரஜன் குமிழியிடுவது அவருடைய பிரச்சினை. நைட்ரஜன் தண்ணீரைவிடக் கொழுப்பில் பல மடங்கு கரையும் என்பதால் யார் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவரும் சகாக்களும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரைத் தண்ணீருக்குள் எடைபோட்டார்கள். அன்றைய உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கு லாயக்கில்லாத அதிக எடைக்காரர்கள். தண்ணீருக்குள் போட்ட எடையோ அவர்கள் உடம்பு பெரும்பாலும் தசை என்று காட்டியது. அதாவது, இந்த முறை பிறந்ததே ஓர் அதிகாரபூர்வ அட்டவணையைப் பொய்யாக்கத்தான். நம் கட்டுரையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: அளவீடு அதிகாரத்தின் கைக்கருவி மட்டுமல்ல, சில நேரம் அதிகாரத்தின் வேறொரு அளவீட்டைக் கேள்வி கேட்கிற ஆளும் அதுதான்.

முறை எளிது, ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சரக்கு. வெளியே எடை, தண்ணீருக்குள் எடை. இரண்டின் வித்தியாசத்தில் இருந்து உடம்பின் கன அளவு. எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. இதுவரை அளவீடு. இதற்குப் பிறகு வருவது அனுமானம். கொழுப்பின் அடர்த்தி 0.9, கொழுப்பல்லாத மற்றெல்லாவற்றின் அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொண்டால், 495-ஐ உடல் அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழிக்கக் கிடைப்பது கொழுப்புச் சதவீதம். இது 1956-இல் வில்லியம் சிரி முன்வைத்த சமன்பாடு. (பெர்க்லியின் உயிர் இயற்பியலாளரான இந்த மனிதர் 1963 அமெரிக்க எவரெஸ்ட் பயணத்தின் துணைத் தலைவரும்கூட. சமன்பாடு எழுதுகிறவர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைத்துக்கொள்ளக்கூடாது.)

70 கிலோ இளைஞன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் உடம்பின் கன அளவு 66 லிட்டர் என்று வந்தால் கொழுப்பு 16.7 சதவீதம். அதே பையன் தண்ணீருக்குப் பயந்தவன். மூச்சை முழுக்க வெளியே விடாமல் நெஞ்சில் ஒரு லிட்டர் காற்றைப் பிடித்துக்கொண்டான், அளப்பவர் அதைக் கவனிக்கவில்லை. கன அளவு 67 லிட்டர். இப்போது கொழுப்பு 23.8. ஒரு லிட்டர் பயம் ஏழு சதவீதக் கொழுப்பாக மாறிவிட்டது. அதனால்தான் மூச்சைக் கடைசிவரை வெளியேற்றச் சொல்லி, அப்புறமும் நுரையீரலில் எஞ்சும் காற்றைத் தனியாக அளந்து கழித்து, திரும்பத் திரும்ப முக்குகிறார்கள். நீச்சல் தெரிந்தவன், தலை தண்ணீருக்குள் போனால் பதறாதவன், சொன்னபடி மூச்சுவிடப் பழகியவன் ஒருவனை இந்த முறை எதிர்பார்க்கிறது. முறைக்கு முன்பே ஓர் ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் தயாராக இருக்க வேண்டும். ஃபூக்கோவை இங்கே கூப்பிடலாம். இது அவருக்கு உரிய இடம்தான்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அந்த 1.1. கொழுப்பு நீங்கிய உடம்பு என்பது தண்ணீர், புரதம், எலும்பின் உப்பு எல்லாம் சேர்ந்தது. இவற்றின் விகிதம் எல்லா மனிதரிடமும் ஒன்றுதான் என்று வைத்தால்தான் 1.1 நிற்கும். அந்த விகிதம் எங்கிருந்து வந்தது? விரல்விட்டு எண்ணக்கூடிய சில சடலங்களை வேதியியல் முறையில் பகுத்ததில் இருந்து. விலங்குகளையும் பகுத்தார்கள். கொழுப்பற்ற உடம்பில் தண்ணீர் 73 சதவீதம் என்ற எண்ணை நிலைநிறுத்திய பேஸ், ராத்பன் ஆகியோரின் 1945 ஆய்வுகள் பெரும்பாலும் கினிப் பன்றிகளைச் சார்ந்தவை. இன்று ஜிம்மில் மின்தடை இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கும் இளைஞனின் கொழுப்புக்கணக்கில், அவனுக்குத் தெரியாமல், ஒரு கினிப் பன்றி நிற்கிறது. கேலிக்காகச் சொல்லவில்லை, 73 அப்படியொன்றும் மோசமான எண் அல்ல, மனிதரிடமும் சராசரி அதைச் சுற்றித்தான் வருகிறது. சராசரி அப்படி வருகிறது என்பதால் எதிரே நிற்கும் இந்த ஒருவனுக்கும் அதுவேதான் என்று ஆகிவிடாது.

பிரஸ்ஸல்ஸில் கிளாரிஸ், மார்ட்டின், டிரிங்க்வாட்டர் ஆகியோர் 25 சடலங்களை முழுமையாக அறுத்துப் பிரித்து எடைபோட்டு 1984-இல் வெளியிட்டார்கள். 12 ஆண், 13 பெண். எல்லாரும் 55 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். கொழுப்புத் திசுவை நீக்கிய உடம்பில் எலும்பின் பங்கு ஒருவரிடம் 16 சதவீதம், இன்னொருவரிடம் 25-க்கும் மேல். அப்படியானால் எல்லாருக்கும் ஒரே 1.1 என்பது நடக்கிற காரியமில்லை. நடக்காததன் நேரடி அடையாளம் எதிர்க்குறி. அடர்த்தி 1.105 உள்ள ஒருவனுக்குச் சிரியின் சமன்பாடு தரும் விடை கழித்தல் 2 சதவீதம். இறுகிய எலும்பும் தசையும் உள்ள விளையாட்டு வீரர்களிடம் இப்படிப்பட்ட விடைகள் நிஜமாகவே வந்திருக்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழே கொழுப்பு! உடம்பு தன் தரப்பை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் தருணம் அபூர்வம். சமன்பாடு அதைக் கேட்டுத் திருந்தவில்லை. இனத்துக்கு ஒரு சமன்பாடாகப் பிரிந்தது. 1984-இலேயே கறுப்பின இளைஞர் சிலரை அளந்து, அவர்களின் கொழுப்பற்ற உடம்பின் அடர்த்தி 1.113 என்று வைத்துத் தனிச் சமன்பாடு போட்டார்கள். அடர்த்தி 1.07 என்று வைப்போம்: வெள்ளை இளைஞனுக்குக் கொழுப்பு 12.6, கறுப்பு இளைஞனுக்கு 16.0. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே தராசு. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டான் என்பதில்தான் மூன்று சதவீத வித்தியாசம். பின்னால் தண்ணீரையும் எலும்பு உப்பையும் தனித்தனியே அளந்து பார்த்த ஆய்வில் இந்த இன வேறுபாடு தென்படவில்லை. இதற்குள் அந்தச் சமன்பாடு பாடநூல்களில் குடியேறியிருந்தது.

மற்ற முறைகளைக் கொஞ்சம் வேகமாகவே கடக்கலாம், ஏனென்றால் அவை பெரும்பாலும் இதன் பிள்ளைகள். தோல்மடிப்பு முறையில் கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டைக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என்று நான்கு இடங்களில் தோலைக் கிள்ளி இடுக்கியால் தடிமன் பார்ப்பார்கள். டர்னினும் வோமர்ஸ்லியும் 1974-இல் கிளாஸ்கோவில் 16 முதல் 72 வயது வரையிலான 481 பேரை அளந்து போட்ட அட்டவணை உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த அட்டவணை தோல்மடிப்பை நேராகக் கொழுப்பாக மாற்றுவதில்லை. முதலில் தண்ணீர்த்தொட்டி அடர்த்தியாக மாற்றி, பிறகு சிரியிடம் கொடுக்கிறது. அந்த முறையில் கிள்ளுகிற கை ஒரு பிரச்சினை, கிள்ளப்படுகிற தோல் இன்னொரு பிரச்சினை: இடுக்கியின் அழுத்தத்தில் ஒவ்வொருவர் சதையும் ஒவ்வொரு மாதிரி அமுங்குகிறது. ஒரு பெண்ணின் இடுப்புக்கு மேலே கிள்ளிப் பார்க்க யார் யாரை அனுமதிப்பார்கள் என்ற கேள்வி கட்டுரைகளில் வருவதில்லை. நம் கல்லூரிகளில் இந்த முறையைக் கையாண்ட எவருக்கும் அது தெரியும்.

மின்தடை முறையில் உணரமுடியாத அளவு மின்சாரத்தை உடம்பில் விட்டுத் தடையைப் பார்ப்பார்கள். தண்ணீரும் உப்பும் உள்ள திசு மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. இயந்திரம் அளப்பது தடையை. அதில் இருந்து தண்ணீர் ஊகம். தண்ணீரில் இருந்து, அந்த 73-ஐ வைத்து, கொழுப்பற்ற உடம்பு. எடையில் இருந்து அதைக் கழித்தால் கொழுப்பு. கையும் காலும் மெல்லிய கம்பி மாதிரி என்பதால் தடையில் பெரும்பங்கு அவற்றுடையது. எடையில் பாதியைச் சுமக்கும் நடுவுடம்பு மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்கு அளவே. தொந்தியைத் தேடிப் போன மின்சாரம் காலைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்புகிறது. எங்கள் பக்கத்துத் தெரு ஜிம்முக்குப் போகிற கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டு சீட்டுகளைக் காட்டினான். முதல் நாள் 22.8, மறுநாள் 17.9. ‘அண்ணே, ஒரே ராத்திரியில அஞ்சு பர்சென்ட் எறங்குமா?’ இறங்காது. முதல் நாள் சாதாரண ஆள் என்ற பொத்தான், மறுநாள் விளையாட்டு வீரர் என்ற பொத்தான். பொத்தானுக்கு ஏற்பச் சமன்பாடு மாறுகிறது. அந்தச் சமன்பாடு என்ன என்று கேட்டால் பல கம்பெனிகள் சொல்வதில்லை, வியாபார ரகசியம். தசமப் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தும் டெக்சா முறை 1980-களின் இறுதியில் எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பதற்காக வந்தது. படுத்திருக்கும் உடம்பைப் புள்ளி புள்ளியாகப் பார்க்கிறது, மூச்சு முட்டாது, தண்ணீர் வேண்டாம். இன்றைய ஒப்பீட்டுக் கட்டுரைகளில் உரைகல் பெரும்பாலும் இதுதான். ஆனால் எலும்பு உள்ள புள்ளியில் அதனால் கொழுப்பையும் தசையையும் பிரித்துப் பார்க்க முடியாது. பக்கத்தில் எலும்பில்லாத புள்ளிகளைப் பார்த்து ‘இங்கேயும் அப்படித்தான் இருக்கும்’ என்று நிரப்புகிறது. கம்பெனிக்குக் கம்பெனி, மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு விடை மாறுகிறது. அமெரிக்கத் தேசிய ஆரோக்கியக் கணக்கெடுப்பில் 1999 முதல் பயன்படுத்திய ஒரு வகை இயந்திரம் கொழுப்பைக் குறைத்துக் காட்டுவதாக 2005-இல் தெரியவந்து, கொழுப்பற்ற எடையை ஏறத்தாழ 5 சதவீதம் குறைத்து எண்களைத் திருத்தினார்கள். ஒரு தேசமே காகிதத்தில் கொஞ்சம் கொழுத்தது.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரைகளின் மையமான சாட்சி நெடுங்காலம் ஒட்டுறவுக் கெழுவாக இருந்தது. இரண்டு முறைகளுக்கு இடையில் 0.9 வந்தால் கைகுலுக்கிக்கொள்வார்கள். பிளான்டும் ஆல்ட்மனும் 1986-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை இந்தப் பழக்கத்தின் மேல் கல்லெறிந்தது. மளிகைக் கடைத் தராசொன்று எல்லாருக்கும் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்தே நிறுக்கிறது என்று வைப்போம். நல்ல தராசோடு அதன் ஒட்டுறவு சரியாக 1. செட்டியார் ஒரு தவறும் செய்யவில்லை என்று சான்றிதழே கொடுத்துவிடலாம். ஒட்டுறவு காட்டுவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை. இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்பது வேறு கேள்வி. மேலும், ஆணையும் பெண்ணையும் ஒல்லிப்பிச்சானையும் குண்டுப் பையனையும் ஒரே கூட்டத்தில் கலந்துவிட்டால் ஒட்டுறவு தானாகவே ஏறும். முறை தேறாது, கூட்டம்தான் அகலமானது. அவர்கள் கேட்டது எளிய விஷயம்: ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு முறைகளுக்கும் இடையே எத்தனை புள்ளி வித்தியாசம், அது எந்த எல்லைக்குள் அலைகிறது என்று சொல். சொல்லத் தொடங்கியதும் சங்கடம் வெளியே வந்தது. கூட்டத்தின் சராசரியில் முறைகள் ஓரிரு புள்ளிக்குள் இணங்கும். தனி ஆளிடம் முன்னும் பின்னுமாகப் பல புள்ளிகள் விலகும்.

இதற்குப் பிறகும் ஒரு முடிச்சு அவிழாமலே இருக்கிறது. தோல்மடிப்புச் சமன்பாடுகளில் பெரும்பாலானவை தண்ணீர்த்தொட்டியில் இருந்து செய்யப்பட்டவை. மின்தடைச் சமன்பாடுகளும் ஏதோவொரு உரைகல்லில், தொட்டியிலோ டெக்சாவிலோ, உரைத்துச் செய்யப்பட்டவை. பிறகு அவற்றை அதே உரைகல்லோடு ஒப்பிட்டு ‘பொருந்துகிறது’ என்றால், பிள்ளை அப்பன் ஜாடையில் இருப்பதைக் காட்டி அப்பன் யோக்கியன் என்று நிரூபிப்பது போலத்தான். காற்றுப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் கன அளவு பார்க்கும் முறை 1995-இல் வந்தது. தண்ணீருக்குப் பதில் காற்று, மூச்சுத் திணறல் இல்லை, நல்லது. அடர்த்தி கிடைத்த பிறகு அதுவும் போய் நிற்பது அதே 0.9, 1.1 வாசலில். தண்ணீர், எலும்பு, அடர்த்தி மூன்றையும் தனித்தனியே அளந்து கணக்கிடும் நாற்கூறு முறை ஒன்றுதான் அந்த வாசலைத் தாண்டுகிறது. அதற்கு ஆகும் செலவில் அதை ஒரு வட்டாரக் கல்லூரியில் செய்ய முடியாது. தன் சமன்பாட்டின் நிச்சயமின்மை தனி ஆளுக்கு ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி என்று சிரியே கணக்கிட்டிருந்தார். சமன்பாட்டை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 4-ஐ மட்டும் அவரிடமே விட்டுவிட்டு வந்தார்கள்.

அதனால் என்ன, எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். 1997-இன் கடைசியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்தக்காரர்கள் மூன்று பேர் ஒரு மாதச் சொச்சத்துக்குள் இறந்துபோனார்கள். கீழ் எடைப்பிரிவில் இறங்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல், ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, சூடான அறையில் வியர்த்து வியர்த்து எடையைக் குறைத்துக்கொண்டிருந்த பையன்கள். அதன்பிறகு அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதி கொண்டுவந்தது: பருவத் தொடக்கத்தில் உடற்கொழுப்பை அளக்க வேண்டும், கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகும் எடையில் யாரும் மோதக்கூடாது, உடம்பு வறண்டிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரின் அடர்த்தியும் 1.020-ஐத் தாண்டக்கூடாது. நல்ல விதி, உயிரைக் காப்பதற்கான விதி. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் 70 கிலோ பையனுக்குக் கொழுப்பு 12.6 என்று வந்தால் அவன் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடை 64.4 கிலோ. சிரியின் 4-ஐ இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்: ஒரு முனையில் 67 கிலோ, மறுமுனையில் 61 கிலோ. இடையில் ஒன்றிரண்டு எடைப்பிரிவுகளே அடங்கிவிடும். மேலும், இந்தப் பையனுக்குக் கொழுப்பு கூடுதலாகக் காட்டினால் லாபம், இன்னும் கீழே இறங்க அனுமதி கிடைக்கும். தொட்டிக்குள் ஒரு வாய்க் காற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். பயந்தவனும் தந்திரக்காரனும் எந்திரத்துக்கு ஒன்றுதான்.

சிப்பாய்க்குக் கணக்கு தலைகீழ். அமெரிக்க ராணுவம் பல பத்தாண்டுகள் வைத்திருந்த விதிப்படி 17 முதல் 20 வயது வரையிலான ஆணுக்கு 20 சதவீதம், பெண்ணுக்கு 30. 21-இல் இருந்து 27 வரை 22-ம் 32-ம். எடை அட்டவணையைத் தாண்டியவனை நாடாவால் அளப்பார்கள். நாடாக் கணக்குகளில் பேர்பெற்றது ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் 1984-இல் கடற்படைக்காகச் செய்தது: ஆணுக்கு வயிற்றுச் சுற்றளவில் இருந்து கழுத்துச் சுற்றளவைக் கழித்து, உயரத்தோடு சேர்த்துப் போடும் சூத்திரம். அதை உரைத்த கல், சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர்த்தொட்டி. கழுத்து தடித்தால் கொழுப்பு குறையும் என்பது சூத்திரத்தில் இருப்பதால் சிப்பாய்கள் கழுத்துக்குப் பயிற்சி செய்தார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூத்திரத்தை அவர்கள் சரியாக வாசித்தார்கள். 22 என்ற கோட்டில் 21.5 காரனுக்கு வேலை இருக்கும், 22.5 காரனுக்குப் பதவி உயர்வு நிற்கும், தொடர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். அளவின் பிழை மூன்று நான்கு, தீர்ப்பின் கூர்மை அரை. 2023-இல் அந்த ராணுவம் வயிற்றை மட்டும் அளக்கும் முறைக்கு மாறியது. தோற்றவர் டெக்சா, காற்றுப் பெட்டி, மின்தடை இவற்றில் ஒன்றைக் கேட்டுப் பெறலாம் என்றது. கிடைக்கிற இடத்தில் இருப்பவன் கேட்கலாம்.

பெல்ஜியத்து வானியலாளர் கெத்லே 1835-இல் ‘சராசரி மனிதன்’ என்ற உருவத்தைப் படைத்தார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு அவருடையது. 1972-இல் ஆன்செல் கீஸும் சகாக்களும் ஐந்து நாடுகளின் ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களை வைத்து அதைப் பரிசோதித்து ‘உடல் நிறை எண்’ என்று பேர்வைத்தார்கள். அவர்களும் அதைத் தோல்மடிப்போடும் உடல் அடர்த்தியோடும்தான் ஒப்பிட்டார்கள். கூட்டங்களை ஆராய எளிய கருவி என்ற அளவில் சிபாரிசு செய்தார்கள். சராசரியில் இருந்து நெறியை வருவிக்க முடியாது என்று கான்கிலெம் 1943-லேயே கெத்லேவை முன்வைத்து வாதிட்டிருக்கிறார். நம் நண்பர்கள் ஃபூக்கோவை எடுத்த வேகத்தில் அவருடைய ஆசிரியர் தலைமுறையைச் சேர்ந்த இந்த மருத்துவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். மருத்துவம் படித்த தத்துவவாதி என்பதால் அவர் ‘எல்லாம் சொல்லாடல்’ என்று சொல்லிவிட்டு நகரவில்லை. நோயாளியின் அவஸ்தை அவருக்கு முதலில் நின்றது.

அந்த இடத்தில்தான் எனக்கும் நண்பர்களுக்கும் தகராறு. கொழுப்புச் சதவீதம் ஒரு கட்டமைப்பு, ஆகவே கொழுப்பும் ஒரு கட்டமைப்பு என்று ஒரே தாவலில் போகிறவர்களுக்கு, 2004 ஜனவரி ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரையைக் காட்ட விரும்புகிறேன். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. டெக்சாவில் யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினுடையது 21.2. நான் இவ்வளவு நேரம் குறைசொன்ன அதே டெக்சாதான். அதற்கு மூன்று நான்கு புள்ளிப் பிழை என்று தாராளமாக வைத்தாலும் பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தை அது விழுங்கிவிடாது. யாஜ்னிக் குழுவினர் 2003-இல் புனே கிராமப்புறத்துக் குழந்தைகளை சவுத்ஹாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். இங்கே பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5. எடையில், தசையில், வயிற்றுறுப்புகளில் எல்லாம் இங்குள்ள குழந்தை சிறுத்திருந்தது. தோள்பட்டைக்குக் கீழுள்ள தோல்மடிப்பு மட்டும் அவ்வளவாகச் சிறுக்கவில்லை. ஒல்லியாகத் தெரியும் கொழுப்பு உடம்பு. எலும்பும் தோலுமாக இருக்கிறான், இவனுக்கு எங்கே சர்க்கரை வரும் என்று நாம் நம்பிய முப்பது வயதுக்காரனுக்கு ஏன் வந்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

இந்த இரண்டு இடங்களிலும் எண் செய்கிற வேலை ஒன்றல்ல என்பதைப் பார்க்க வேண்டும். புனேயில் அது ஒரு மக்கள்கூட்டத்தின் மீதான தவறான கணிப்பைத் திருத்துகிறது. வித்தியாசம் பிழையைவிடப் பல மடங்கு பெரிது. பாளையத்தில் அது ஒருவனை வெளியேற்றுகிறது. வித்தியாசம் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரே டெக்சா, ஒரே இடுக்கி, ஒரே நாடா. ஒட்டுமொத்தமாக ‘அளவீடு வன்முறை’ என்று தள்ளினால் யாஜ்னிக்கையும் சேர்த்துத் தள்ள வேண்டிவரும். அதனால் நஷ்டம் வெள்ளை உடம்புக்கு அல்ல. கிளாஸ்கோ அட்டவணையும் பெர்க்லிச் சமன்பாடும் ஏற்கெனவே அதற்கென்றே தைத்த சட்டைகள். நஷ்டம் நமக்குத்தான்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் ‘லான்செட்’ குழும இதழொன்றின் சர்வதேச ஆணையம், உடல் பருமனை உடல் நிறை எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது, கொழுப்பை நேராகவோ இடுப்புச் சுற்றளவு போன்ற அளவு ஒன்றாலோ உறுதிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. ஆனால் ‘நேராக’ என்ற சொல் இங்கே எதைக் குறிக்கும்? நம்மூர் சிறுநகரக் கிளினிக்கில் டெக்சா இருக்காது. சமன்பாட்டைச் சொல்லாத மின்தடை இயந்திரம்தான் வரும். ஏற்கெனவே ஜிம்களில் வந்தாயிற்று. இருபது வயதுப் பெண்ணிடம் 33.4 என்று அச்சடித்த சீட்டை நீட்டும், அந்த எண் யாருடைய உடம்பில் இருந்து செய்யப்பட்டது, பிழை எவ்வளவு என்று சீட்டில் இருக்காது. அந்தச் சீட்டில் பிழையெல்லையை அச்சிட வேண்டும், எந்த மக்களை அளந்து சமன்பாடு போட்டார்கள் என்று எழுத வேண்டும் என்று கேட்பதற்கு நம்மில் ஒரு மருத்துவர் சங்கமோ நுகர்வோர் அமைப்போ இன்னும் முன்வரவில்லை என்றால், விமர்சகர்கள் கேட்கலாம். இதில் தேவைப்படுவது புள்ளியியல் பட்டமல்ல, பிரதியை அடிக்குறிப்போடு வாசிக்கும் பழக்கம்தான். அதுவரை தெற்காசியருக்கென்று சொல்லப்படும் இடுப்பளவு, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, டைலர் கடை நாடாவிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு கோடுதான், அதுவும் சராசரியில் இருந்து வந்ததுதான். ஆனால் நாடா 92 என்று சொன்னால் அது 92 சென்டிமீட்டர் இடுப்பு. கழுத்தைக் கழித்து, உயரத்தைச் சேர்த்து, தொட்டியில் நனைத்து எடுத்த வேறொன்று அல்ல.